வளையாத விட்டம் இல்லை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரம் பனைநாடு. சித்தூர், கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் பக்கம் வயல் வரப்பெல்லாம் பனை நிற்கும். அங்குள்ள பழைய ஓட்டு வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், ஓட்டுக்கு அடியில் கருகருவென்று கைமரங்கள் தெரியும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனைமலையிலும் பொள்ளாச்சியிலும் அதே பனங்கைதான். முற்றிய பனையை வெட்டி நெடுக்கில் பிளப்பார்கள். நடுவில் இருக்கும் மெத்தென்ற சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, புறத்தே இருக்கும் வைரமான பகுதியை மட்டும் கூரைக்கு ஏற்றுவார்கள். அப்படி ஏற்றிய கைகள் தலைமுறை தாண்டி ஓட்டைச் சுமக்கின்றன.

தேக்குக்கும் பலாவுக்கும் வைரம் நடுவில் இருக்கிறது. பனைக்கும் மூங்கிலுக்கும் வெளியே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வேறுபாட்டை வைத்தே தாவரங்களைப் பிரித்திருக்கிறது. உள்ளே காழ் உடையதை மரம் என்றும், வெளியே காழ் உடையதைப் புல் என்றும் அது சொல்கிறது. இன்றைய தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் ஒருவித்திலைத் தாவரங்களாக ஒரே பக்கத்தில்தான் வைக்கிறது. கட்டுமானப் பொறியியலுக்கு இந்தப் பிரிவில் வேறொரு செய்தியும் உண்டு. சுமையைத் தாங்கி வளையும் ஒரு பொருளுக்கு வைரம் எங்கே தேவையோ, சரியாக அங்கேதான் பனை அதை வைத்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு இதைக் காட்டிவிடும். வட்டமான ஒரு தடியின் நடுவில், அதன் குறுக்களவில் பாதி அளவுள்ள ஒரு வட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த உள்வட்டத்தின் பரப்பு மொத்தத்தில் கால் பங்கு. ஆனால் தடி வளையாமல் எதிர்த்து நிற்பதில் அதன் பங்கு பதினாறில் ஒன்றுதான், அதாவது நூற்றுக்கு ஆறு. கால் பங்குச் சரக்கைத் தோண்டி எறிந்தாலும் விறைப்பில் நூற்றுக்கு ஆறுதான் குறையும். பனஞ்சோற்றைச் செதுக்கி எறிந்த தச்சர் எதையும் வீணாக்கவில்லை. கூரையின் பாரத்தைத்தான் குறைத்தார். இடுக்கி மலைகளில் முதுவர் குடிகளையொட்டி யானைக்குக் காவலிருக்கும் ஏறுமாடங்களைத் தாங்கும் மூங்கிலும் இதே கணக்கில் நிற்கிறது. மூங்கில் நடுவைத் தானே காலியாக விட்டுவிட்டு நாரை வெளிச்சுவரில் நெருக்கி வைத்துக்கொள்கிறது. வளையும்போது குழாய் நசுங்கிச் சப்பையாகிவிடாமல் கணுக்கள் குறுக்கே நின்று காக்கின்றன.

ஏன் அப்படி? இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாத்திரம் தேய்க்கும் தடித்த ஸ்பாஞ்சு ஒன்று போதும். அதன் பக்கவாட்டில் பேனாவால் ஒரே இடைவெளியில் ஏழெட்டு நேர்க்கோடுகளை மேலிருந்து கீழாகப் போடுங்கள். இரு முனைகளையும் இரண்டு புத்தகங்கள்மீது வைத்து நடுவில் விரலால் அழுத்துங்கள். மேல்விளிம்பில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். அடிவிளிம்பில் விலகும். இரண்டுக்கும் நடுவே ஓர் உயரத்தில் இடைவெளி மாறாமல் இருக்கும். இரு முனையிலும் தாங்கிய விட்டம் எதுவானாலும், மரமோ இரும்போ கான்கிரீட்டோ, பாரம் ஏறியதும் உள்ளே நடப்பது இதுதான். மேல்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது, நடுவில் ஒரு மட்டம் இரண்டும் இல்லாமல் சும்மா இருக்கிறது. அந்த மட்டத்துக்கு நடுநிலை அச்சு என்று பெயர். அதிலிருந்து விலக விலக இழுவையும் நசுக்கமும் கூடிக்கொண்டே போகின்றன. நடுவில் இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட வேலையற்றது. விளிம்பில் இருப்பதுதான் உழைக்கிறது.

இந்தத் தெளிவு உலகத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. சுவரில் செருகி வெளியே நீட்டிய ஒரு விட்டம் எவ்வளவு பாரத்தில் ஒடியும் என்ற கேள்வியைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் கடைசி நூலில் எடுத்துக்கொண்டார். அகலத்தைவிட உயரம் முக்கியம், உயரம் இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும் என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் விட்டத்தின் குறுக்குவெட்டு முழுவதும் இழுபடுவதாக நினைத்தார். இப்படி நீட்டிய விட்டத்தில் அடியில் ஒரு பகுதி நசுங்குகிறது என்பது அவருக்குப் புலப்படவில்லை. அதனால் அவருடைய கணக்கு விட்டத்துக்கு உண்மையில் இருப்பதைவிட மூன்று மடங்கு வலிமையைக் கொடுத்தது. நடுநிலை அச்சின் சரியான இடத்தை முறையாக நிறுவிப் பொறியாளர்கள் கையில் கொடுத்தவர் பிரான்சின் நேவியர், 1826-இல். கலிலியோவுக்கும் அவருக்கும் நடுவே கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள். அதுவரை உலகமெங்கும் வீடும் பாலமும் கட்டியவர்கள் கைப்பழக்கத்தை நம்பித்தான் கட்டினார்கள். அந்தக் கைப்பழக்கம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதை மரியாதையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கைமரத்தை எந்தத் தச்சரும் பட்டையாகப் படுக்கவைக்க மாட்டார். உயரம் மேலும் கீழுமாக நிற்கும்படிதான் வைப்பார். மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால், படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி வைக்கும்போது அதன் வலிமை இரண்டு மடங்கு, விறைப்பு நான்கு மடங்கு. ஒரே மரம், ஒரே எடை, ஒரே விலை. வலிமை உயரத்தின் இருமடிப்படியும், விறைப்பு மும்மடிப்படியும் கூடுவதால் வரும் வித்தியாசம் இது. இந்த வடிவக் கணக்குக்குப் பாடப்புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். பெயர் மிரட்டினாலும் பொருள் ஒன்றுதான்: நடுநிலை அச்சிலிருந்து சரக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் அளவு. அதனோடு சரக்கின் சொந்த விறைப்பைப் பெருக்கினால் விட்டத்தின் மொத்த விறைப்பு கிடைக்கும். சரக்கின் சொந்த விறைப்பைச் சொல்வது யங் குணகம். இரும்புக்கு அது வீடுகட்டும் கான்கிரீட்டுக்கு இருப்பதைப் போல் எட்டு, ஒன்பது மடங்கு.

வலிமை, விறைப்பு என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விட்டம் ஒடியுமா என்பது ஒரு கேள்வி. ஒடியாமல் எவ்வளவு தொய்யும் என்பது வேறு கேள்வி. தொய்வு என்பது குறை அல்ல, பாரம் ஏறினால் எல்லா விட்டமும் தொய்யத்தான் செய்யும். தொய்வின் அளவும், பாரத்தை இறக்கியதும் அது பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதுமே முக்கியம். அளவைப் பொறுத்தவரை நம் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 ஒரு வரம்பு வைத்திருக்கிறது. காலப்போக்கில் கூடும் தொய்வையும் சேர்த்து, விட்டத்தின் நீளத்தில் 250-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐந்து மீட்டர் விட்டத்துக்கு அது 2 சென்டிமீட்டர்.

இப்போது பாரம் எப்படி விட்டத்தை வளைக்கிறது என்ற கணக்குக்கு வருவோம். வீடு கட்டும் எல்லாரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். நான்கு மீட்டர் நீள பீம் ஒன்று இரண்டு சுவர்கள்மீது உட்கார்ந்திருக்கிறது. அதன்மீது மீட்டருக்கு ஒரு டன் வீதம் நான்கு டன் சுமை. ஒவ்வொரு சுவரும் இரண்டு டன் தாங்குகிறது. பீமின் சரிநடுவில் நின்று இடது பாதியை மட்டும் பாருங்கள். இடது சுவர் மேல்நோக்கித் தள்ளும் இரண்டு டன், நடுவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது; இரண்டையும் பெருக்கினால் நான்கு. இடது பாதியின்மேல் இறங்கும் இரண்டு டன் சுமை, நடுவிலிருந்து சராசரியாக ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, பெருக்கினால் இரண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது 2 டன்-மீட்டர். இதுதான் வளைவுத் திருப்புத்திறன். பீமை நடுவில் மடக்கப் பார்க்கும் திருகல் அது.

இந்தத் திருகலைப் பீம் எதிர்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. மேலே கான்கிரீட் நசுங்கித் தள்ளும், கீழே கம்பி இழுக்கும். இந்த இரண்டு விசைகளும் அளவில் சமம். இரண்டுக்கும் நடுவே உள்ள உயரத்தை விசையோடு பெருக்கினால் அதே 2 டன்-மீட்டர் வர வேண்டும். கூரைக்குக் கீழே தொங்கும் 35 சென்டிமீட்டர் உயர பீமில் அந்த இடைவெளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கிடைக்கும். அப்படியானால் கம்பி இழுக்க வேண்டியது 6.7 டன். சதுர சென்டிமீட்டருக்கு 2.3 டன் என்ற பாதுகாப்பான அளவில் கணக்கிட்டால், 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று 2.6 டன் இழுக்கும். ஆக மூன்று கம்பி போதும்.

இதே இடத்தில் 'பீம் வெளியே தெரியக் கூடாது, கூரை சமதளமாக இருக்க வேண்டும்' என்று வீட்டுக்காரர் கேட்கிறார். உடனே ஸ்லாபின் கனத்துக்குள்ளேயே அடங்கும் கன்சீல்டு பீம் போடப்படுகிறது. ஸ்லாபின் கனம் 12.5 சென்டிமீட்டர், தள்ளுவிசைக்கும் இழுவிசைக்கும் நடுவே கிடைப்பது 9 சென்டிமீட்டர். இரண்டு டன்-மீட்டரை அதால் வகுத்துப் பாருங்கள். கம்பி இப்போது 22 டன் இழுக்க வேண்டும். மூன்று கம்பி நின்ற இடத்தில் ஒன்பது கம்பி. அத்தனை கம்பியையும் நெருக்கிக் கட்டினால் நடுவே ஜல்லி இறங்க இடமிருக்காது. அதோடு, மேலே 22 டன் நசுக்கத்தைத் தாங்க வேண்டியது சில சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்.

கம்பியைக் கூட்டி வலிமையை எப்படியோ சமாளித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விறைப்பை என்ன செய்வது? அகலம் ஒன்றேயானால், 35 சென்டிமீட்டர் பீமைவிட 12.5 சென்டிமீட்டர் பீம் 22 மடங்கு அதிகமாகத் தொய்யும். அகலத்தை மூன்று மடங்காக்கினாலும் ஏழு மடங்குத் தொய்வு மிஞ்சும். இரு சுவர் மேல் உட்காரும் பீமுக்கு, மேல்விளிம்பிலிருந்து கம்பி வரையிலான உயரத்தைப் போல் 20 மடங்குக்கு மேல் நீளம் போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456 காட்டும் அடிப்படை விகிதம். நம் கன்சீல்டு பீமில் அது 40-ஐத் தொடுகிறது. மேலே ஒரு தடுப்புச் சுவரை எழுப்பிய பிறகு அந்தச் சுவரில் சாய்வாக விரிசல் விழுவதும், கீழே கதவு நிலையில் சிக்குவதும் இதனால்தான். குறுகிய நீளத்தில், சுவர் எதுவும் ஏறாத இடத்தில் கன்சீல்டு பீம் போடலாம். கூடத்தின் குறுக்கே போடக் கூடாது. அழகுக்காகப் பீமின் உயரத்தைப் பறிப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். பீம் தெரிந்தால் தெரியட்டும்.

நீளம் கூடும்போது நிலைமை இன்னும் கடுமையாகிறது. இரு சுவருக்கு நடுவிலான தூரம் இரட்டித்தால் திருப்புத்திறன் நான்கு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு. சுமை அதிகமானதால் விழுந்த கூரைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நடுத்தூணை எடுத்துவிட்டதால் ஆபத்துக்கு வந்த கூரைகளைப் பற்றியும் பேச வேண்டும்.

சரக்கை விளிம்பில் வைத்து, நடுவை ஒல்லியாக்கும் தந்திரத்தை மனிதர் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதைக் கேரளம் அண்மையில் நேரில் பார்த்தது. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டுச் சூரல்மலையில் நிலச்சரிவு பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, 'தம்பிகள்' என்று ராணுவத்தில் பெயர்பெற்ற மெட்ராஸ் பொறியாளர் படையினர் 190 அடி நீள பெய்லி பாலத்தை ஒன்றரை நாளுக்குள் கட்டி முடித்தார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதன்மீது வண்டிகள் போயின. இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கிலேயப் பொறியாளர் டொனால்டு பெய்லி வடிவமைத்த அந்தச் சட்டகம் பத்தடி நீளம், ஐந்தடி உயரம். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள்; மற்றதெல்லாம் வெற்றிடம். ஐந்தடி உயரம் கிடைத்ததால்தான் ஆட்கள் கையால் தூக்கிச் சேர்க்கக்கூடிய எடையில் ஒரு பாலம் கிடைத்தது. ஐ வடிவ இரும்பு கர்டரும் இதே தத்துவம்தான். மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் வளைவை எதிர்க்கின்றன. நடுவில் நிற்கும் மெல்லிய தகடு அவற்றைத் தள்ளிப் பிடிப்பதோடு வெட்டு விசையையும் ஏற்கிறது.

வெட்டு விசையைப் பற்றி, அதாவது பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையைப் பற்றி, ஒரு வார்த்தை. வளைவு நடுவில் அதிகம் என்றால், வெட்டு விசை சுவரை ஒட்டிய முனைகளில் அதிகம். அங்கே விரிசல் நேராக வராது. சாய்வாக, சுவரிலிருந்து மேல்நோக்கி ஏறும். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் கம்பி கட்டுபவர் முனைகளில் ரிங்கை நெருக்கமாகவும் நடுவில் சற்று விலக்கியும் போடுகிறார். நடுவில் விழும் நேர்விரிசல் வளர்வதற்கு நேரம் எடுக்கும். முனையில் விழும் சாய்விரிசல் அவகாசம் தராது. அப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கே பொறியாளரை அழைக்க வேண்டும்.

போடிமெட்டு ஏறி இடுக்கிக்குள் போனால் வேறொரு வகை விட்டம் கண்ணில் படும். சின்னக்கானல், மூணாறு, தேவிகுளம் என்று மலைச்சரிவெங்கும் வீடுகளும் விடுதிகளும் பள்ளத்தாக்கைப் பார்த்து மாடத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு முனை மட்டும் பிடிமானத்தில் இருக்க, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் இதைக் கேன்டிலீவர் என்கிறோம். இதில் எல்லாம் தலைகீழ். பாரம் ஏறினால் நுனி கீழே இறங்கும். அதனால் மேல்புறம் இழுபடும், அடிப்புறம் நசுங்கும். திருப்புத்திறன் உச்சத்தில் இருப்பது நடுவில் அல்ல, சுவரை ஒட்டிய வேரில். ஒரே நீளம், ஒரே சுமைக்கு, இரு பக்கமும் தாங்கப்பட்ட பீமைவிட நான்கு மடங்குத் திருப்புத்திறன் அந்த வேரில் விழுகிறது. விதிநூல் இதற்குத் தரும் நீள உயர விகிதம் 7 மட்டுமே.

கான்கிரீட் நசுக்கத்துக்கு வலியது, இழுவைக்கு மிக எளியது. நசுக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையில் தாங்காது. எனவே எங்கே இழுபடுகிறதோ அங்கே கம்பி இருக்க வேண்டும். சாதாரண பீமுக்கு அடியில். மாடத்துக்கும் சன்ஷேடுக்கும் மேலே. வரைபடத்தில் எல்லாரும் சரியாகத்தான் போடுகிறார்கள். தவறு நடப்பது கான்கிரீட் போடும் நாளில். ஆட்கள் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கம்பி வலைமீது நடக்கிறார்கள். மேலே தூக்கிக் கட்டிய எட்டு மில்லிமீட்டர் கம்பி ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் பலகையைத் தொட்டுவிடுகிறது. மேலே கலவை மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. பத்து சென்டிமீட்டர் கனமுள்ள சன்ஷேடில் கம்பி அடிக்கு இறங்கிவிட்டால், அந்தக் கம்பி இருந்தும் இல்லாததுபோல்தான். சாரத்தைப் பிரிக்கும் நேரத்தில் சன்ஷேடு பெயர்ந்து விழுந்து உயிர்கள் போவது நம் ஊர்ச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இரும்பு நாற்காலி போல் வளைத்த சின்னத் துண்டுக் கம்பிகளை அடியில் முட்டுக் கொடுத்து, நடப்பதற்குத் தனியே பலகை போட்டிருந்தால் அந்தக் கம்பி இறங்காது. இதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டை சிமென்ட் விலைகூட இல்லை.

பிரிப்பதிலும் ஒரு முறை உண்டு. ஆறு மீட்டர் வரையான பீமுக்கு முட்டுகள் 14 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேற்பட்ட நீளமானால் 21 நாள். இரு பக்கம் தாங்கிய பீமில் நடுவிலிருந்து சுவரை நோக்கிப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். மாடத்திலும் சன்ஷேடிலும் நுனியில் தொடங்கி வேரை நோக்கி வர வேண்டும். வேரில் உள்ள முட்டை முதலில் எடுத்து நுனியில் ஒன்றை விட்டுவைத்தால், கேன்டிலீவராகக் கணக்கிட்ட ஸ்லாப் சில நிமிடங்களுக்கு இரு பக்கம் தாங்கிய ஸ்லாபாக மாறிவிடும். அப்போது அடிப்புறம் இழுபடும். அங்கே கம்பி இல்லை.

வீட்டளவில் இது உயிர்ப் பிரச்சினை. பாலத்தளவில் ஒரு மாநிலத்தின் பிரச்சினையாகிவிடும். கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்றாண்டுகூட ஆகவில்லை, 2019 மே தொடக்கத்தில் மூட வேண்டியதாயிற்று. கர்டர்களிலும், அவற்றைத் தாங்கும் தூண்தலைகளிலும் விரிசல்கள். சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். மாநில அரசு இ. ஸ்ரீதரனின் கருத்தைக் கேட்டது. அவர் பாலக்காடு மாவட்டத்துக்காரர். 1964 டிசம்பர் புயல் பாம்பன் ரயில் பாலத்தைச் சிதைத்தபோது இளம் பொறியாளராக அங்கே போய் 46 நாளில் அதை மீட்டவர். அங்கே கடலுக்குள் விழுந்து கிடந்த இரும்பு கர்டர்களைத் தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். இரும்பின் பெருங்குணம் அது. மீட்சி எல்லையைத் தாண்டி வளையாத கர்டரை வெளியே எடுத்தால் அது பழைய கர்டரேதான்.

கான்கிரீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கம்பி போட்ட சாதாரணக் கான்கிரீட் பீமில் அடிப்புறம் மெல்லிய விரிசல் விழுவது இயல்பே. கம்பி இழுபடத் தொடங்கினால் அதைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் பிளக்கத்தான் செய்யும். விரிசலின் அகலம்தான் விஷயம். பொதுவாக 0.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈரமும் காற்றும் கம்பியை எட்டும், கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட் பொரிந்து விழும். கடலை ஒட்டிய கொச்சிக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

பாலாரிவட்டத்தில் எழுந்த பெரிய விவாதம் பளுச்சோதனையைப் பற்றியது. கர்டரின்மேல் குறிப்பிட்ட சுமையை ஏற்றி, ஒரு நாள் வைத்திருந்து, தொய்வை அளந்து, பிறகு இறக்கி, எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. கட்டடங்களுக்கு ஐ.எஸ். 456 கேட்பது, 24 மணி நேரத்தில் குறைந்தது முக்கால் பங்கு மீட்சி. அந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி, அரசு தன் வல்லுநர்களின் யோசனைப்படி திருப்பிக் கட்டலாம் என்றது. எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது. பளுச்சோதனை இன்றைய விறைப்பைச் சொல்லும். இந்த வாரம் லாரி போகலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். அகன்றுவிட்ட விரிசல்கள் வழியே முப்பது மழைக்காலங்களில் கம்பிக்கு என்ன ஆகும் என்பதை அதனால் சொல்ல முடியாது. நூறாண்டு நிற்க வேண்டிய பாலத்துக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது.

மொத்தம் 19 கண்களில் 17 கண்களின் கர்டர்கள் எடுக்கப்பட்டன. புதிதாக வந்தவை முன்தகைவுக் கான்கிரீட் கர்டர்கள். இவற்றின் சூட்சுமம் நாம் இதுவரை பார்த்ததிலிருந்தே விளங்கும். அடிப்புறம் இழுபடப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். எனவே பாரம் ஏறுவதற்கு முன்பே, உயர்வலிமைக் கம்பிவடங்களை ஜாக்கியால் இழுத்து முனைகளில் பூட்டி, அடிப்பகுதியை நசுக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். லாரி ஏறும்போது அந்த நசுக்கம் குறையுமே தவிர இழுவையாக மாறாது. இழுவை இல்லையென்றால் விரிசல் இல்லை. பாரம் ஏறாத நிலையில் இத்தகைய கர்டர் மேல்நோக்கிச் சற்றே வில்லாக வளைந்திருக்கும். டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பில் சில மாதங்களுக்குள் வேலை முடிந்தது. சரக்கேற்றிய லாரிகளை நிறுத்திப் பளுச்சோதனை செய்த பிறகு, 2021 மார்ச் 7-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. பழைய கர்டரில் செய்யாத சோதனையைப் புதிய கர்டரில் செய்தார்கள். அதுதான் அதற்குரிய இடம்.

வளைவு, இழுவை என்ற தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளும் வழியும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி போகும் சாலை இடுக்கிக்குள் நுழையும் இடத்தில், பெரியாற்றின் குறுக்கே 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலம் நிற்கிறது. அது வில்வளைவுகளால் ஆனது. வில்வளைவு சுமையைப் பெரும்பாலும் நசுக்கமாகவே கரைகளுக்கும் தூண்களுக்கும் கடத்துகிறது. இன்னும் மேலே போனால் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே 1976-இல் செயல்பாட்டுக்கு வந்த இடுக்கி அணை. ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுள்ள அந்த அணை, தேங்கும் நீரின் தள்ளலைத் தன் வளைவின் வழியே இருபுறப் பாறைகளுக்கு அனுப்புகிறது. அதுகூட முற்றிலும் வளைவுவிசை இல்லாததல்ல. இத்தகைய அணையைக் கணக்கிடும்போது, பொறியாளர்கள் அதைக் கிடையாக அடுக்கிய வில்களாகவும், அடியில் ஊன்றி மேலே நீண்ட செங்குத்துக் கேன்டிலீவர்களாகவும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு, எந்தப் பங்கு எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் வில்லுக்குப் பக்கவாட்டில் உறுதியான பாறை வேண்டும், எழும்ப உயரம் வேண்டும். நம் கூடத்துக்கு இரண்டும் கிடையாது. ஆகவே வீட்டுக்கு விட்டம்தான், அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டே.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கான்கிரீட் போடும் நாளில் டீ, வடை வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். கலவை இயந்திரம் ஓடத் தொடங்குமுன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே மேலே ஏறுங்கள். பீமின் உயரம் வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பீமின் கம்பிக்கு அடியில், அதைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சன்ஷேடிலும் மாடத்திலும் கம்பி மேலே இருக்கிறதா, மிதித்தால் இறங்காதபடி முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று காலால் அழுத்தியே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிக்கலாம், அரைநாள் கூலி கூடுதலாக ஆகலாம். கலவை இறுகிய பிறகு அந்தக் கம்பியை மேலே தூக்க எந்தப் பொறியாளராலும் முடியாது.